கடைக்காரர் சரிசெய்த கம்ப்யூட்டர்

“என் மகன் பேசுனத அழிச்சிட்டு, இனி புதுசு மாதிரி ஓடும்னு சிரிக்கிறாரு கடைக்காரரு.”

காஜா பெராங் பஸ் நிறுத்தத்தில், மடியில் மடிக்கணினிப் பையை வைத்திருந்த அம்மாள் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்.

“என்னக்கா ஆச்சு?”

“அவன் செத்தப்புறம் தொறந்தேன். கறுப்பா, வெறும் எழுத்தா வந்துச்சு. ரோசாக் ஆயிருச்சு, கெட்டுப்போச்சுன்னு நெனச்சு, நான்தான் கடையில குடுத்தேன். எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோஸ் போட்டுட்டாரு.”

“அவன் என்ன வச்சிருந்தான்?”

“விண்டோஸுக்குப் பதிலா, யாரும் வைக்காத ஏதோ லினக்ஸாம். அதுல வீடியோ எடுக்கிறது, பாக்கிறது எப்படின்னு வீடியோ போடுவான்.”

“அதெல்லாம் யூடியூப்ல இருக்குமேக்கா.”

“இருக்கு லா. எல்லாம் இங்கிலீஷ். கடைசியா ஒண்ணுதான், எனக்குப் புரியணும்னு தமிழ்ல பேசி எடுத்தான். அத இன்னும் ஏத்தல, இதுல மட்டும்தான் இருந்துச்சு.”

பஸ் வந்தது. ஏறும்போது பையை வாங்கிக்கொள்ள அந்தப் பெண் கை நீட்டினாள். அம்மாள் கொடுக்கவில்லை.