கஞ்சி போட்ட வேட்டி

யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ். பூந்தமல்லியில் ஏறினேன். பாதி இருக்கை காலி. ஆனாலும் எனக்கு முன்னால் ஓர் இளைஞன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். உட்கார்ந்திருந்த சிநேகிதன் அவன் சட்டையை இழுத்தான்.

“குந்து மச்சான். எடம்தான் கீதே.”

“தொடையெல்லாம் ஆறிப்போச்சு. ஆனா குந்தக் கூடாது.”

“தொடைக்கு இன்னா ஆச்சு?”

“அம்மாவ பஸ்ல அனுப்பிட்டு, பொண்ணு பாக்க காஞ்சிபுரத்துக்கு சைக்கிள்ல போனேன்ல? மொடமொடன்னு கஞ்சி போட்ட வேட்டி கட்டிகினு மிதிச்சேன். நசரத்பேட்டை தாண்டறதுக்குள்ள ஒரசி ஒரசி தோலு வழண்டு போச்சு.”

“அடப்பாவி! கோமணம் இறுக்கிக் கட்டி, வெளக்கெண்ண தடவிகினு போவணும். கஞ்சி வேட்டிய ஊரு எல்லையில கட்டிக்கணும்.”

“இப்ப சொல்லு. அங்க பாய் விரிச்சி குந்துங்கன்றாங்க. எங்க குந்தறது? சுவத்தப் புடிச்சிகினு நின்னேன். பெரியவங்க எதிர்ல எம்புள்ள குந்தவே மாட்டான்னு எங்கம்மா ஒரே போடா போட்டுச்சு. அந்த மரியாதைக்குத்தான் பொண்ணையே குடுத்தாங்க.”

“மணவறையில குந்துனியே?”

“அதுக்கே மாமனாரு ரெண்டு தபா கெஞ்சினாரு.”

“அதான் கல்யாணம் முடிஞ்சிபோச்சே. இப்ப குந்தேன்டா!”

அவன் குரலைத் தாழ்த்தினான். “கடைசி சீட்ல யாரு கீறாருன்னு பாரு.”

நானும் திரும்பிப் பார்த்தேன். வெள்ளை மீசைக்காரர் ஒருவர் பக்கத்திலிருந்தவரின் தோளைத் தட்டி, நிற்பவனைக் காட்டிக்கொண்டிருந்தார்.

“நம்ம மாப்பிள்ள. பட்டணம் போய்ச் சேர்ற வரைக்கும் பாருங்க, நின்னுகினேதான் வருவாரு.”