கைமாக்கின் ஊசிகள்

என் பூனை பச்சை மீனைத் தொடாது. வேகவைத்த கோழி ஈரல்தான் வேண்டும், அதுவும் நன்றாக ஆறியிருக்க வேண்டும். மகாராணி, என்ன செய்வது. பாலாடை நிறம் என்பதால் கைமாக் என்று பெயர் வைத்தேன். எங்கள் பேச்சில் பாலாடைக்கு அதுதான் சொல். அவளுக்கு இன்னும் இரண்டு வயதுகூட ஆகவில்லை.

அவளைக் கொண்டுவந்து கொடுத்தவர் மேல்வீட்டு சமூதின். டாக்சி ஓட்டுபவர். பனி கொட்டிய ஒரு மாலையில் கோட்டுக்குள் வைத்து எடுத்துவந்து, "உங்க வாய்க்குப் பயப்படாத ஒரே ஜீவன் இதுதான் அக்கா, வெச்சுக்குங்க" என்றார். நல்ல மனிதர் என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

பிஷ்கெக் நகரத்தில் எங்கள் குடியிருப்பில் யார் வீட்டில் நோய் என்றாலும் பணம் வசூலிப்பது நான்தான். கொடுத்தவர் அதைப் பற்றி வாய் திறக்கமாட்டார். பெறுகிறவர் எவ்வளவு சேர்ந்தது என்று கேட்கமாட்டார். இரண்டுமே மானக்கேடு. நடுவில் நிற்கிறவளின் நாணயத்தை நம்பித்தான் எல்லாம் நடக்கிறது. என் நாணயத்தை இதுவரை யாரும் சந்தேகித்ததில்லை.

சமூதினுக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் எல்லாரும் தாராளமாகக் கொடுத்தார்கள். எல்லை தாண்டி அல்மாட்டி நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வைத்தியம் பார்க்கப் போதுமான பணம். அதை நான் அவரிடம் சேர்ப்பதற்குள் கைமாக் சாப்பிடுவதை நிறுத்தினாள். அவளுக்கும் அதே நோய் என்றார் கால்நடை மருத்துவர். "சின்ன வயசு. உடனே ஊசிய ஆரம்பிச்சா பொழைச்சுக்கும். தள்ளிப்போட்டா கஷ்டம்."

மாஸ்கோவில் வேலை பார்க்கும் என் மகன் சீக்கிரம் பணம் அனுப்புவான். அதுவரை அலமாரியில் சும்மா கிடப்பதுதானே என்று முதல் ஊசிக்கு எடுத்தேன். ஊசி வேலை செய்தது. பாதியில் நிறுத்த முடியுமா? மகனுக்குச் சம்பளம் தள்ளிக்கொண்டே போனது. ஊசி ஊசியாக அலமாரி காலியானது. பூனைக்கு வயிற்றுக் கோளாறு என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தேன்.

சமூதினின் மனைவி அனார்குல் மாடிப்படியில் என்னைக் கண்டால் பார்வையைத் தாழ்த்திக்கொள்வாள். கேட்கவே இல்லை. கடைசியில் நானே சொன்னேன்: "யார்கிட்டேருந்தும் காசு பெயர மாட்டேங்குது அனார்குல். எல்லாருக்கும் கஷ்டம்."

"பரவாயில்லக்கா. எங்களுக்காக நீங்க அலையறதே போதும்."

வீட்டுக்குள் வந்து, வெட்கம் தாங்காமல் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன். பிறகு ஈரல் வேகவைத்தேன்.

சமூதின் ஏப்ரலில் இறந்தார். அல்மாட்டிக்குப் போயிருந்தாலும், என்று மருத்துவர்கள் இழுத்தார்கள். அந்த இழுவையைப் பிடித்துக்கொண்டுதான் நான் தொங்குகிறேன்.

வாசலில் துக்கக் கூடாரம் போட்டார்கள். என் மகனின் பணம் அதற்கு முந்தின நாள்தான் வந்திருந்தது. சாவு வீட்டில் அவரவர் பெயர் சொல்லிப் பணம் வைப்பது எங்கள் வழக்கம். மற்றவர்கள் முன்பே கொடுத்துவிட்டோம் என்ற நினைப்பில் சிறு தொகை வைத்தார்கள். நான் எடுத்ததை ஒரு காசு குறையாமல் வைத்தேன். "யாரோடது?" என்று கேட்டார்கள். என் பெயர் தானாக வாயில் வந்தது.

அனார்குல் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அவர் உசிரோட இருந்தப்ப ஒருத்தரும் திரும்பிப் பாக்கலக்கா. நீங்க ஒருத்திதான்."

இப்போது அவள் அக்கம்பக்கத்தார் முகத்தில் விழிப்பதில்லை. அவர்களோ, நம் காசை வாங்கிக்கொண்டு வைத்தியத்துக்கும் கூட்டிப்போகவில்லை, ஒரு நன்றியும் இல்லை என்று பொருமுகிறார்கள். இரண்டு தரப்பாரும் என்னிடம்தான் வந்து குறை சொல்கிறார்கள். நான் கேட்டுக்கொள்கிறேன், தேநீர் ஊற்றிக் கொடுக்கிறேன்.

மாலையானால் அனார்குல் என் வீட்டுக்கு வருகிறாள். "அவர் கையால கொண்டாந்தது" என்று கைமாக்கை மடியில் வைத்துத் தடவுகிறாள். ஊசி போட மழித்த இடத்தில் ரோமம் நன்றாக வளர்ந்துவிட்டது. சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் வாயெடுக்கிறேன். ஆனால் அவளுக்கென்று இப்போது இருப்பது நான் ஒருத்திதான். அந்த ஒருத்தியையும் அவளிடமிருந்து பறிக்க எனக்கு மனசு வரவில்லை.