நாணல் குருகு, ஒன்பது நிமிடம்

பறவை பார்ப்பதற்குக் கண் அவ்வளவு முக்கியமில்லை, இன்ஸ்பெக்டர். சத்தம் போடாமல் உட்காரத் தெரிந்தால் போதும். கிளைவுக்கு அது கடைசிவரை வரவில்லை. லங்காஷயரின் இந்தச் சின்ன ஏரிக்கரை மரக்குடிலில் இருபத்தாறு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் கடித்தவன்.

நல்லவன்தான். வட்டாரப் பறவைப் பதிவுகளை ஏற்பதும் தள்ளுவதும் அவன் பொறுப்பு. பதினொரு வருடம் முன்பு இங்கே நான் நாணல் குருகைப் பார்த்தேன். அதுவரை இந்த ஏரியில் யாரும் பார்த்ததில்லை. ‘ஒருவர் மட்டுமே பார்த்தது, ஏற்பதற்கில்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்பினான். எங்கள் ஆட்களிடையே பொய்ப் பறவை சொன்னவன் என்று பெயரெடுப்பதைவிடத் திருடன் என்று பெயரெடுப்பது மேல்.

“நார்மனோட பறவைங்களுக்கு ஒரு நல்ல பழக்கம்பா. அவன் தனியா இருந்தாத்தான் வரும்,” என்று கிளைவ் பப்பில் சொல்வான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அந்த ஜனவரி சாயங்காலம் ஏரி உறைந்திருந்தது. கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, பனிக்கட்டிமேல், நாமக்கோழி என்கிற கறுப்பு நீர்ப்பறவை ஒன்று தூண்டில் நரம்பில் சிக்கித் துடித்தது.

“பாவம்டா. அறுத்து விட்டுட்டு வந்துடறேன். டீயக் காலி பண்ணிடாதே,” என்று எழுந்து போனான்.

நாமக்கோழியை விடுவித்தான். திரும்பும்போது காலடியில் பனிக்கட்டி உடைந்து தண்ணீருக்குள் விழுந்தான். அந்தச் சத்தத்தில், அவன் முதுகுக்குப் பின்னால், நாணலிலிருந்து குருகு வெளியே வந்தது. மிரண்டால் அலகை வானத்துக்குத் தூக்கிச் சிலையாக நிற்பது அதன் குணம். நின்றது. கழுத்தின் ஒவ்வொரு கோடும் தெரிந்தது.

“நார்மன். வளையத்தப் போடுடா.”

மிதவை வளையம் குடிலின் வெளிச்சுவரில் தொங்கியது. அதற்குக் கதவைத் திறக்க வேண்டும். அந்தக் கதவு கிரீச்சிடும், பறவை பறந்துவிடும். கிளைவ் என் பெயரை நான்கு முறை கூப்பிட்டான். அதற்குக் குருகு அசையவில்லை. நானும் அசையவில்லை.

உங்கள் கையிலிருக்கும் குறிப்பேட்டில் எல்லாம் இருக்கிறது. 3.52, கிளைவ் விழுந்தான். 3.53 முதல் 4.02 வரை, நாணல் குருகு, ஒன்று. பிறகுதான் உங்களுக்குப் போன் செய்தேன். நேரத்தை மாற்றியிருந்தால் இன்று நீங்கள் வந்திருக்க மாட்டீர்கள். ஆனால் குறிப்பேட்டில் நான் பொய் எழுதுவதில்லை.

வசந்தம் வந்ததும் அது நாணலுக்குள் கூவ ஆரம்பித்தது, காலிப் பானைக்குள் ஊதுகிற மாதிரி. மற்றவர்கள் கேட்டு மகிழ்கிறார்கள். எனக்கு என் பெயர் கேட்கிறது, நான்கு முறை. பயமாக இருக்கிறது. ஆனாலும் தினமும் இங்கே வருகிறேன், பெஞ்சில் அவன் இடத்தை விட்டுத்தான் உட்காருகிறேன்.

பதிவை இந்த முறை ஏற்றுக்கொண்டார்கள். உடன் பார்த்தவர் என்ற இடத்தில் கிளைவின் பெயரை எழுதினேன். அதில் பொய் இல்லை. கடைசிவரை அவன் கண்கள் திறந்துதான் இருந்தன. ஒருமுறைகூட நாணல் பக்கம் திரும்பாமல் குடிலையே பார்த்துக்கொண்டிருந்தது அவன் தப்பு.