வீட்டுக் கீல் வைத்த காக்பிட்

மேடையில் வீற்றிருக்கும் விமானக் காட்சியகத் தலைவர் அவர்களே, பல் மருத்துவர் சங்கத்துப் பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் டாக்டரின் மனைவி, எங்கள் அண்ணி அவர்களே, டாக்டரிடம் பல் பிடுங்கிக்கொண்ட பிறகும் அவர்மேல் அன்பு குறையாமல் இங்கே வந்திருக்கும் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நான் விமான நிலையத்தில் ரேடியோ மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். மேடை எனக்குப் பழக்கமில்லை. இருந்தாலும் பேசித்தான் ஆக வேண்டும், நம் பல் டாக்டர் போய்விட்டார். வியாழக்கிழமை காலை கிளினிக்குக்குக் கிளம்பச் சட்டை மாட்டியவர், பொத்தான் போடுவதற்காகக் கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை, ஐயா.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கிளினிக்கில் நாங்கள் ஆறேழு பேர் என்ன செய்தோம் என்பது பலருக்குத் தெரியாது. பழைய விமானங்களின் காக்பிட், அதாவது விமானி உட்காரும் அறை, அதன் புகைப்படங்கள் எங்களுக்குத் தபாலில் வரும். இறக்கை தெரியாது, வால் தெரியாது. நாலைந்து டயல், ஒரு கைப்பிடி, காலுக்கு இரண்டு மிதிகள், நடுவில் யாரோ ஒருவர் வீட்டு மகன். இது எந்த விமானம்? அதுதான் கேள்வி. நெகட்டிவை எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பெட்டியில் செருகிவிட்டு, பூதக்கண்ணாடியோடு சண்டை போடுவோம். “ஆயுசு பூரா இருட்டுப் பொந்துக்குள்ள வெளிச்சம் அடிச்சுப் பாத்தவன் நான், எங்கிட்டயா?” என்பார் டாக்டர். பெரும்பாலும் அவர்தான் ஜெயிப்பார். அந்த எரிச்சல் எனக்கு இன்றுவரை உண்டு.

ஆனால் கண்டுபிடித்ததற்காக அவரைப் புகழ நான் வரவில்லை. கண்டுபிடிக்க எங்களுக்கும் தெரியும். கண்டுபிடித்ததைப் போய்ச் சொல்வது யார்? படத்தில் இருப்பவர் இறந்தவர் என்றால், டாக்டர் கடிதம் எழுத விடமாட்டார். போனில் சொல்ல விடமாட்டார். நேரில் போவார். கதவைத் தட்டுவார். எதிரே உட்கார்ந்து சொல்வார். எங்களில் யாருக்கு அந்தத் துணிச்சல் இருந்தது?

ஒரு தாய் படம் அனுப்பியிருந்தார். விமானப் பயிற்சிக்குப் போன மகன், அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனான். அவன் காக்பிட்டில் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்றுதான் மிச்சம். அது எந்த விமானம் என்று தெரிந்தால், காட்சியகத்தில் இருக்கும் அதேபோன்ற விமானத்தில் ஒரு தரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். நாங்கள் டயல்களைப் பார்த்தோம், பயிற்சி விமானத்தின் பெயரை ஒரே குரலில் சொன்னோம். டாக்டர் மட்டும் படத்தின் ஓரத்தில் தெரிந்த காக்பிட் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது வீட்டுக் கதவுக்குப் போடுற கீல். விமானத்துல யார் இதை வைப்பா?” என்றார்.

மிதிகளுக்குக் கீழே பார்த்தோம். மரப்பலகை. தரையிலேயே உட்கார்ந்து பழகுவதற்காக, நிஜ விமானத்தின் டயல்களை மாட்டிச் செய்த மரப்பெட்டி அது. பறக்கவே பறக்காது. டயல் தெரிந்த எங்களுக்குக் கதவு தெரியவில்லை!

அந்த விமானம்தான் என்றே சொல்லிவிடலாம், யாருக்கு என்ன நஷ்டம் என்று நான் கெஞ்சினேன். “சொத்தையை உள்ள வச்சு அடைச்சா வலி போயிடுமா?” என்று கேட்டுவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார். நான் வாசல் பக்கமாக இருந்த நாற்காலியில், எந்த நேரமும் எழுந்து ஓடுகிறவன்போல உட்கார்ந்திருந்தேன். டாக்டர் படத்தை மடியில் வைத்து, கீலைக் காட்டினார், பலகையைக் காட்டினார். அந்த அம்மா படத்திலிருந்த கீலை விரலால் தடவிப் பார்த்தார்.

“அப்ப அவன் மேலயே போகலையா?”

“இந்தப் பெட்டி மேல போகாதும்மா. அதுக்கப்புறம் வேற எதுலயாவது போனாரான்னு எனக்குத் தெரியாது.”

“உயரம்னா அவனுக்குச் சின்ன வயசுலேருந்து பயம். மொட்டை மாடிக்கே வரமாட்டான். அங்க எப்படிப் பயந்தானோன்னு இத்தனை வருஷமா என் வயித்துல நெருப்பு. ஒரு நாளாவது பயமில்லாம உக்காந்திருந்தான்ல, அது போதும்யா.”

டாக்டர் அழுதுவிட்டார். அந்த அம்மாதான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சொல்லுங்கள், கடிதத்தில் எழுதியிருந்தால் அந்த நெருப்பை யார் கேட்டிருப்பார்கள்? யார் அணைத்திருப்பார்கள்?

இப்போது இன்னொரு படம் இருக்கிறது. வயதான ஓர் அக்கா அனுப்பியது. விமானத்தில் போன தம்பி திரும்பவில்லை, விமானமும் கிடைக்கவில்லை. அவன் எப்போதும் ஓட்டிய விமானத்தின் காக்பிட் படம் இது. போகும்போது கூட யாராவது இருந்தார்களா, தனியாகப் போனானா? அவர் கேட்பது இது ஒன்றுதான். போன ஞாயிற்றுக்கிழமையே விடை தெரிந்துவிட்டது. ஒற்றை இருக்கை. இன்னொருவருக்கு அதில் இடமே இல்லை. சனிக்கிழமை போய்ச் சொல்வதாக டாக்டர் இருந்தார். சனிக்கிழமை வந்தது, டாக்டர் இல்லை.

எழுதிப் போட்டுவிடலாம் என்று எங்கள் ஆட்களில் சிலர் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, மறைப்பானேன்? ஆனால் நேற்று, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் நிறைந்திருந்த வீட்டில், அண்ணி என்னைத் தனியே கூப்பிட்டார். அழுது அழுது குரல் கம்மியிருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி, “அந்தக்காகிட்ட யார் போறது?”

நான் போகிறேன் என்று சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்க வாசல்லயே நின்னுடுவீங்க. நானும் வரேன். தம்பி தனியாத்தான் போனான்னு கேக்கறப்போ, அந்தக்கா பக்கத்துல ஒரு ஆள் உக்காந்திருக்கணும்.”

பெருமக்களே, டாக்டருக்கு எங்கள் அஞ்சலி இதுதான். நாளைக் காலை அண்ணியும் நானும் அந்த வீட்டுக்குப் போகிறோம். கதவை நான் தட்டுகிறேன், டாக்டர்.