முதல் லோடு

— தள்ளுங்க, நான்தான் முதல்ல பார்ப்பேன்!

— ஏய், டார்ச்சைக் கொடு. இந்த வாழைக்காய் பழுக்கறதுக்கு நாலு நாளா காத்துக்கிடந்தது நான்.

— நான் மட்டும் என்ன, தூங்கிக்கிட்டா இருந்தேன்... ஐயோ! ஏங்க! பின்வரிசையைப் பாருங்க!

— எங்க... அடேயப்பா!

— சீப்பு சீப்பா மஞ்சள்! காம்பு நுனி மட்டும் பச்சை. வியாபாரி கேட்ட அதே பதம்!

— சொன்னேனா இல்லையா? எத்திலீன் என்ன, பூதமா? வாழைக்காய் தானாவே விடுற வாயு அது. வெளியிலிருந்து கொஞ்சம் விட்டுத் தூண்டிவிட்டா போதும். மீதி வேலையைக் காயே பார்த்துக்கும்.

— பாடம் அப்புறம். முன்வரிசைக்கு வாங்க.

— இதோ... என்ன இது?

— என்னங்க ஆச்சு?

— கதவோரம் நாலு வரிசைப் பெட்டியும் கல்லு மாதிரி பச்சையா நிக்குது!

— பதறாதீங்க.

— மதியம் லாரி வந்துடும்டி! வியாபாரி முழு லோடும் ஒண்ணா கேட்டிருக்காரு.

— வாயு பத்தலையோ?

— அளந்துதான் விட்டேன். கதவு வழியா வெளியே போனாத்தான் இப்படி... சரி, மறைச்சு என்ன ஆகப்போகுது? நான் திறந்தேன்.

— நீங்களா! முதல் நாள் யாரும் கதவைத் தொடக் கூடாதுன்னு பேப்பர் ஒட்டினது யாரு?

— ஒரே தடவை. தலையை மட்டும் நீட்டி... பொறுக்க முடியல.

— நல்ல முதலாளி!

— சிரி, சிரி. பந்தயத்துல ஜெயிச்சது நீதான். முதல் லோடு முழுசா பழுக்கலைன்னா பழைய ஆபீஸ் வேலைக்கே போறேன்னு சொன்னேன் இல்ல? திங்கக்கிழமை போறேன்.

— இருங்க...

— மூணு வருஷமா நீ சொல்றதுதானே. காய் பழுக்கவைக்கிற அறை கட்டற தொழில் நமக்கு ஒத்துவராதுன்னு.

— இருங்கன்னா! ஒரு தடவை தலையை நீட்டினதுக்கு நாலு வரிசை பச்சையா நிக்குமா?

— நிக்கக் கூடாதுதான்... அப்போ எப்படி?

— பின்வரிசையை ஏத்தி அனுப்புங்க. மீதிக்கு மறுபடி வாயு விடலாம். வியாபாரிகிட்ட நான் பேசறேன். ஆபீசெல்லாம் வேணாம்.

— நீயா பேசற? நீயே ஜெயிச்சுட்டு, நீயே வேணாங்கற?

— நீங்க குளிக்கப் போனப்போ நானும் ஒரு தடவை திறந்தேன். நீங்க சாப்பிடறப்போ ஒரு தடவை. அப்புறம்... சும்மாவே ஒரு தடவை. மஞ்சள் ஏறுதான்னு மனசு அடிச்சுக்கிச்சுங்க. கதவை மூடவே தோணல.