நாடா இல்லாத வண்டி

எலிகளுக்கு மோட்டார் சைக்கிள் இருக்கையின் நுரை மிகவும் பிடிக்கும். பலருக்கு இது தெரியாது. முதல் பனி விழுந்ததும் வண்டியைத் தார்ப்பாயால் மூடிவிட்டு வீட்டுக்குள் போய்விடுவார்கள். மே மாதம் வந்து பார்த்தால் இருக்கைக்குள் ஒரு குடும்பமே குடியிருக்கும். அதனால்தான் எங்கள் ஊர் ஹல்லாயார்வியில் பாதிப் பேர் பனிக்காலத்துக்குத் தங்கள் வண்டியை என் கொட்டகையில் விடுகிறார்கள்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். வேலை எப்படி நடக்கும் என்று தெரிந்தால்தான் மற்றது புரியும்.

அக்டோபரில் வண்டிகள் வரும். பழைய ஆயிலை வடித்துப் புதியது ஊற்றுவேன். டேங்க்கை விளிம்புவரை நிரப்புவேன். காலியிடம் இருந்தால் ஈரம் சேர்ந்து துருப்பிடிக்கும். பேட்டரியைக் கழற்றிச் சூடான அறைக்குக் கொண்டுபோவேன். புகைக்குழாயில் துணி அடைப்பேன். சக்கரம் தரையில் படாமல் தூக்கி நிறுத்திப் பருத்தித் துணியால் போர்த்துவேன். பிளாஸ்டிக் கூடாது, உள்ளே வியர்க்கும்.

எதைக் கழற்றினாலும், எதை அடைத்தாலும், கைப்பிடியில் ஒரு சிவப்பு நாடா கட்டுவேன். அதைத் திரும்ப மாட்டியதும் அந்த நாடாவை அவிழ்ப்பேன். வசந்தத்தில் வருபவர்கள் என்னிடம் எதுவும் விசாரிப்பதில்லை. கைப்பிடியைப் பார்ப்பார்கள். நாடா இல்லையென்றால் ஏறி உட்கார்ந்து கிளம்பிவிடுவார்கள்.

யல்மாரி என் தம்பி. இரண்டு கோடைக்கு முன்னால், நடுக்கோடைத் திருநாள் முடிந்து அவனும் ரௌனோவும் ரௌனோவின் வண்டியில் திரும்பினார்கள். இருவரும் குடித்திருந்தார்கள். ஏரிச் சாலையில் வண்டி பள்ளத்தில் பாய்ந்தது. யல்மாரி செத்துப்போனான். ரௌனோவுக்குத் தோள் உடைந்தது. ஓட்டியது யல்மாரி என்று ரௌனோ போலீஸில் உங்களிடம் சொன்னான். வேறு சாட்சி இல்லை.

அதற்குப் பிறகு அம்மா ஞாயிறு ஆராதனை முடிந்து தேவாலயத்தில் எல்லோரும் கூடிக் குடிக்கும் காபிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். கடையில் ஒருத்தி என்னிடமே சொன்னாள்: "பாவம் ரௌனோ. உன் தம்பிய நம்பிப் பின்னால ஏறுனதுக்குத் தோள் போச்சு."

நான் பாலை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

போன அக்டோபரில் ரௌனோ வண்டியைக் கொண்டுவந்து விட்டான். காபி கொடுத்தேன். குடித்துவிட்டுப் போகாமல் நின்றான்.

"நான்தான் ஓட்டுனேன், சைமி."

புகைக்குழாய்க்குத் துணி சுருட்டிக்கொண்டிருந்தேன். சுருட்டி முடித்தேன்.

"அப்ப போலீஸ்ல போய்ச் சொல்லு."

"செத்தவன ஜெயில்ல போட மாட்டாங்க. என்னப் போடுவாங்க. எம்பொண்ணு பின்யாவுக்கு வேற யாரு இருக்கா? அவ அம்மா ஸ்வீடன்ல போயி உக்காந்துட்டா. இந்தப் புள்ள மட்டும் இல்லன்னா நாளைக்கே போய்ச் சொல்லிருவேன். சத்தியமா."

"எங்கம்மாகிட்டயாவது சொல்லு."

"உங்கம்மாகிட்டயா? அதுக்கு ரேடியோவுலயே சொல்லிறலாம்."

சிரித்தான். பிறகு அழுதான். அழுதுகொண்டே இரண்டாவது பன்னையும் எடுத்துக்கொண்டான்.

இந்தப் பிள்ளை மட்டும் இல்லையென்றால். பனிக்காலம் முழுக்க அந்த வாக்கியத்தை யோசித்தேன். அதில் எனக்குப் பிழை எதுவும் தெரியவில்லை. ஒரு காரணத்துக்காக ஒருவன் பொய் சொல்கிறான். காரணம் போனால் பொய்யும் போகும்.

அப்படியும் அவன் வண்டியில் நான் குறை வைக்கவில்லை. ஏப்ரலில் எல்லாவற்றையும் மாட்டினேன், முடுக்கினேன், நாடாக்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். மே தினத்துக்கு முந்தின நாள் மாலைவரை அந்த வண்டியில் ஒரு பழுதும் கிடையாது. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அன்று மாலை ரௌனோ போன் செய்தான்.

"வண்டிய பின்யாகிட்ட குடுத்துரு. லைசென்ஸ் வாங்கிட்டா. எனக்கு இனி அது வேணாம். காலையில டவுன்ல வேற வேலை இருக்கு."

என் தம்பியைக் கொன்ற வண்டியை மகளுக்குச் சீர் கொடுப்பதுபோல் கொடுக்கிறான் என்று நினைத்தேன். போனை வைத்ததும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். முன்சக்கரத்தைப் பிடித்திருப்பவற்றைத் தளர்த்தினேன். நாடா கட்டவில்லை.

பின்யா காலையில் மே தினத்து டோனட் ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள். சின்ன வயதிலிருந்தே என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவாள்.

"அத்தை, எங்கப்பாவா இதக் குடுத்தாருன்னு இன்னும் நம்பவே முடியல. காலங்காத்தால எந்திரிச்சுச் சட்டைக்கு இஸ்திரி போடுறாரு. 'எங்க, பொண்ணு பாக்கப் போறீங்களா'ன்னு கேட்டேன். மனுஷன் சிரிக்கவே இல்ல."

கைப்பிடியைத் தடவிப் பார்த்தாள்.

"நாடா ஒண்ணும் இல்லையே? கெளம்பலாமா?"

"நாடா எதுவும் இல்ல," என்றேன். அது உண்மை. "வழுக்காம இருக்கப் பனிக்காலத்துல போட்ட மணல் இன்னும் ரோட்டுலதான் கெடக்கு. மெதுவாப் போ."

"நீங்க எங்கப்பாவுக்கு மேல பயப்படுறீங்க," என்று சொல்லி என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். ஹெல்மெட்டின் வார் முறுக்கிக்கொண்டிருந்தது. நான்தான் சரிசெய்து மாட்டிவிட்டேன்.

பாலத்து இறக்கத்தில் சக்கரம் கழன்றது என்று நீங்கள் சொன்னீர்கள். ஏறக்குறைய அந்த இடமாகத்தான் இருக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். அவள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. நல்ல பெண். டோனட்டை அம்மாவும் நானும் சாப்பிட்டோம்.

ஓட்டியது தான்தான் என்று ரௌனோ உங்களிடம் ஒப்புக்கொண்டுவிட்டதாக நேற்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அம்மாவிடம் சொன்னேன். யல்மாரியின் படத்தை அலமாரிக்குள்ளிருந்து எடுத்துக் கூடத்தில் வைத்தாள். அதற்காகத்தான் செய்தேன். காரணம் போனது, பொய்யும் போனது. என் வாழ்க்கையில் இவ்வளவு நேரான கணக்கு வேறு எதுவும் இருந்ததில்லை.

ஆனால் சற்றுமுன் நீங்கள் சொன்னது சரியாக இருக்க முடியாது. இஸ்திரி போட்ட சட்டையோடு அவன் அன்று காலையிலேயே இந்த ஸ்டேஷனுக்கு வந்து, பின்யா என் கொட்டகைக் கதவைத் தட்டுவதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டான் என்கிறீர்கள். அவள் உயிரோடு இருக்கும்போதே சொன்னான் என்கிறீர்கள். மே தினம், விடுமுறை நாள். யாரோ அவசரத்தில் நேரத்தை மாற்றி எழுதியிருப்பார்கள்.

இன்னொரு தடவை பாருங்கள். நான் காத்திருக்கிறேன்.