கம்ப்ரஸர் கொடுத்த சுருதி

படப்பையிலிருந்து ஒரகடம் போகும் ஷேர் ஆட்டோவில், எனக்கு எதிரே கம்பெனிச் சீருடையில் இரண்டு பெண்கள்.

"சர்ச்சுல பாட்டை ஏன்டி அவ்ளோ மேல ஆரம்பிச்சே? எல்லாரும் கத்திக்கினு இருந்தாங்க" என்றாள் பெரியவள்.

"வாரம் பூரா லைன்ல ஏர் கம்ப்ரஸர் சத்தத்தோட பாடிப் பழகினேன்க்கா. அதே சுருதி வந்துடுச்சு."

"அது இன்னா தம்புராவா?"

"காத்துக் கருவிக்கா! புல்லாங்குழல் குடும்பம்." சிரித்தவள் தயங்கினாள். "கிறிஸ்மஸுக்கு என்னை ஆரம்பிக்க விடுவாங்களா?"

"ஃபாதர்கிட்ட பேசிட்டேன், நீதான். ஆனா நான் கீபோர்டுல 'ச' அடிச்சப்புறம்தான் வாயைத் தொறக்கணும்."

சின்னவள் நிம்மதியாக ஒரு பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தாள். என் மடியில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை விழித்துவிடுமோ என்று பயந்தேன், விழிக்கவில்லை. ஆட்டோ வேகமெடுத்தது. இன்ஜின் சத்தம் ஏற ஏற, அவள் சுருதியும் கூடவே மேலேறியது.

"அடியே, ஆட்டோவை விட்டுட்டுப் பாடுடி!"